கொரியச் சூப்பர் மார்க்கெட்டில் கொசுறு: ஒரு கள ஆய்வு

கால் கிலோ கத்திரிக்காய் வாங்கியவர், காசு கொடுத்த பிறகும் நகராமல் நின்று கறிவேப்பிலைக் கட்டை ஒரு பார்வை பார்ப்பார். கடைக்காரர் முணுமுணுத்தபடியே இரண்டு கொத்து கிள்ளிப் பையில் போடுவார். இந்த இரண்டு கொத்துக்குத் தமிழில் கொசுறு என்று பெயர். தெலுங்கில் கொசரு. கொரிய மொழியில் தொம். தமிழும் தெலுங்கும் அக்காள் தங்கை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கொரிய மொழியை இந்தக் குடும்ப அட்டையில் சேர்ப்பதற்குத்தான் சான்று தேவைப்படுகிறது. அதைத் திரட்டவே இவ்வாய்வு.

இத்துறையின் முன்னோடி ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். கொரியாவில் பல்லாண்டு வாழ்ந்தவர். கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஓர் ஒப்பிலக்கணம் எழுதி 1905-ல் வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஏற்காதவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை சியோலில் உள்ள ஏதாவதொரு பெரிய மார்ட்டுக்குள் போய் நிற்கட்டும். தயிர் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை “அப்பா!” என்று கத்தும். இவ்வாய்வாளர் வாராவாரம் திரும்பிப் பார்க்கிறார். குழந்தை வாராவாரம் வேறொருவருடையது. ஹல்பர்ட் செய்த பிழை ஒன்றுதான்: காய்கறி வாங்கப் போகாமல் இலக்கணத்தில் இறங்கிவிட்டார்.

கொசுறு வேறு, தள்ளுபடி வேறு. தள்ளுபடி கடைக்காரரின் கணக்கு. கொசுறு வாங்குபவரின் உரிமை. அதைக் கேட்க வேண்டும். கேட்க ஆள் வேண்டும், கண் வேண்டும், கொஞ்சம் வெட்கமின்மையும் வேண்டும். கொரியாவின் பழைய சந்தைகளில் இவை மூன்றும் இன்றும் உண்டு. அவரை முளை விற்கும் பாட்டி எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடியை அள்ளி மேலே போடுவாள். 1993-ல் சியோலின் சாங்தோங் பகுதியில் ஈமார்ட் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தன் முதல் கடையைத் திறந்தபோது இந்த நாகரிகத்துக்கே நெருக்கடி வந்தது. பார்கோடுக்குக் கண் கிடையாது. அதை முறைத்துப் பயனில்லை. வேறு நாட்டார் என்றால் இதோடு கொசுறை மறந்திருப்பார்கள். கொரியர்கள் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

இதை உருவகமாகக் கொள்ள வேண்டாம். பெரிய பால் அட்டைப்பெட்டியின் இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்று, தூளியில் கட்டிய பிள்ளை மாதிரி, டேப்பால் ஒட்டப்பட்டிருக்கும். ஐந்து ராம்யொன் நூடுல்ஸ் பாக்கெட் சேர்ந்த கட்டின் தலையில் ஒரு கிண்ணம். காபி மிக்ஸ் பெட்டியோடு மூடி போட்ட டப்பா. டப்பா வேண்டும் என்பதற்காகவே காபி வாங்கி, பிறகு தூக்கம் கெட்டு அலையும் குடும்பங்கள் இருக்கக்கூடும். ஆய்வாளரின் குடும்பம் உண்டு. மேலே “1+1” என்ற பலகை. அதை வாய்விட்டு “வொன் பிளஸ் வொன்” என்று படிப்பார்கள். கொரியக் காசின் பெயரும் வொன்தான் என்பதால், எந்த வொன் எந்த வொன்னோடு சேருகிறது என்ற தத்துவச் சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. இடம் கருதி அதைத் தவிர்க்கிறோம்.

இந்த டேப்பின் வலிமை 2020-ல் சோதிக்கப்பட்டது. பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க நினைத்த கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், ஏற்கெனவே உறையில் இருக்கும் பொருள்களை இன்னோர் உறையில் சேர்த்துக் கட்டுவதைத் தடுக்கப் புறப்பட்டது. அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று இலவசம் போய்விடுமா என்று ஊரே கொதித்தது. சலுகைக்குத் தடையில்லை என்று அமைச்சகம் விளக்கம் சொல்லி, விதியையும் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கறிவேப்பிலையில் கை வைக்கும் அரசு எதுவும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

இனி களம். ஆய்வு நெறியாளர், அதாவது வீட்டுக்காரம்மா, கொடுத்தனுப்பிய பட்டியலில் ஒரே ஒரு பொருள்: முள்ளங்கி ஒன்று, சாம்பாருக்கு. கொரிய முள்ளங்கி நம்முடையதைப் போல ஒல்லியானதல்ல. கழுத்தில் பச்சை படர்ந்து, தொடை கனத்தில், ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டும். அதைக் கண்ணால் பார்த்தும் ஆயிற்று. ஆனால் முள்ளங்கிக்கு டேப் இல்லை. எனவே ஆய்வு நோக்கில் அதற்கு முக்கியத்துவம் இல்லை என்று முடிவு செய்து, சீசிக் பகுதிக்கு நகர்ந்தோம்.

சீசிக் என்றால் ருசி பார்க்கக் கொடுப்பது. தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஓர் அம்மா மின் அடுப்பில் மண்டுவைப் புரட்டிக்கொண்டிருப்பார். மண்டு என்பது நம் சோமாஸியின் தூரத்து உறவு. உள்ளே பூரணத்துக்குப் பதில் இறைச்சியும் கீரையும். வெந்ததும் கத்தரிக்கோலால் மூன்றாக நறுக்குவார். சமையலில் கத்தரிக்கோலைக் கண்டு முகம் சுளிக்கும் தமிழர்கள், அது கத்தியைவிட எவ்வளவு நியாயமாகப் பங்கு பிரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கொரோனாவின்போது இந்தச் சீசிக் நிறுத்தப்பட்டு, 2022 ஏப்ரலில்தான் திரும்ப அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியை வரலாற்றாசிரியர்கள் இருண்ட காலம் என்று இன்னும் எழுதாதது வியப்பு.

துண்டைக் குத்தித் தரும் பல்குச்சி சில சமயம் பச்சை நிறத்தில் இருக்கும். அது மரமல்ல, மாவுச்சத்து, தண்ணீரில் கரையும். இந்தக் குச்சியையே எண்ணெயில் பொரித்துத் தின்னும் மோகம் இளைஞரிடையே பரவி, இது உணவுப் பொருள் அல்ல என்று 2024 ஜனவரியில் அரசின் உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம் எச்சரிக்க நேர்ந்தது. கொசுறைக் குத்தும் குச்சியையும் கொசுறாகக் கருதும் சமூகம் எங்கள் கோட்பாட்டுக்கு இதைவிட என்ன சான்று தர முடியும்?

முதல் துண்டை ஆய்வுக்காகத் தின்றோம். இரண்டாவது, முதல் முடிவைச் சரிபார்க்க. மூன்றாம் முறை எதிர்த்திசையிலிருந்து, சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது அந்த அம்மா நிமிர்ந்து, “சாஜங்னிம்” என்றார். முதலாளி என்று பொருள். முதலாளி என்று கூப்பிட்ட பிறகு வெறுங்கையோடு நகரும் துணிச்சல் எந்த ஆணுக்கும் இல்லை. வண்டியில் மண்டு இரண்டு பாக்கெட் ஏறியது. இரண்டாவது டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சான் எனும் தொடுகறி வரிசையை விரைவாகக் கடந்தோம். கொரிய உணவகத்தில் முளைப்பயறு, கிம்ச்சி, இனிப்பு போட்டு வதக்கிய நெத்திலி எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். தீர்ந்தால் திரும்ப வரும். அதையே இங்கே 100 கிராம் இன்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொசுறை நிறுத்து விற்பதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

மணி எட்டைத் தாண்டியதும் தயார் உணவுப் பக்கம் ஒரு மௌனம் கூடியது. வண்டிகள் நின்றன. யாரும் எதையும் எடுக்கவில்லை. எல்லாரும் எதையோ படிப்பதுபோல் நின்றார்கள். கையில் சின்ன இயந்திரத்தோடு ஓர் இளைஞன் வந்தான். பொரித்த கோழிப் பெட்டிகள் மேல் டக், டக் என்று முப்பது சதவீத ஒட்டுத்தாள். சில கைகள் நீண்டன. எங்கள் அருகில் நின்ற பாட்டியின் கை அசையவில்லை. சுருட்டை முடி, முதுகில் பை, பார்வை மட்டும் பெட்டி மேல். எங்கள் கை நீண்டபோது தலையை லேசாக ஆட்டித் தடுத்தாள். அரை மணி நேரம் கழித்து அவன் திரும்பி வந்து பழைய தாளின் மேலேயே ஐம்பதை ஒட்டினான். மறுநாள் கடை இல்லை. பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் மூட வேண்டும் என்பது 2012-ல் வந்த ஏற்பாடு. பல இடங்களில் அது இரண்டாம், நான்காம் ஞாயிறு. மிச்சம் வைக்க அவனுக்கு வழியில்லை என்பதைப் பாட்டி காலண்டரில் பார்த்துவிட்டே வந்திருக்கிறாள்.

பெட்டியை எடுத்தவள் நகரவில்லை. இளைஞனை அந்தப் பார்வை பார்த்தாள். கறிவேப்பிலைக் கட்டைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு சொன்னாள்: “தொம்?”

அவன் எதையோ முணுமுணுத்தான். குனிந்து, கோழிக்குத் துணையாகத் தரும் ஊறல் டப்பாக்கள் இரண்டை எடுத்து நீட்டினான். ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்ட பாட்டி, மற்றதை எங்கள் வண்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வீட்டில் நெறியாளர் பைகளைப் பரிசோதித்தார். மண்டு இரண்டு, பால் ஒன்றேகால், காபி மிக்ஸ், ஏழாவது டப்பா, கோழி.

“முள்ளங்கி எங்கே?”

பாட்டி தந்த டப்பாவை மேசையில் வைத்தோம். வினிகரும் சர்க்கரையும் கலந்த நீரில் வெள்ளைச் சதுரத் துண்டுகள் மிதந்தன. கொரியாவில் பொரித்த கோழியோடு தருவது முள்ளங்கி ஊறல்தான். பட்டியலின்படி பொருள் வந்து சேர்ந்துவிட்டது, அதுவும் விலையின்றி, என்று எடுத்துரைத்தோம். நெறியாளர் மூடியைத் திறந்து முகர்ந்தார். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் வாங்கி வரச் சொன்னார்.

நாளை இரண்டாம் ஞாயிறு.