காலித்தொட்டிக்காரர்

ஃபைட்டர் மீன் வாங்குகிறவர்களில் இரண்டு வகை. முதல் வகையினர் கடையில் டம்ளரோடு வாங்கி, அதே டம்ளரை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, மீன் மிதந்ததும் "நமக்கு ராசியில்லை" என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். இரண்டாம் வகைதான் நம்மவர். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை.

அவர் வீட்டுக் கூடத்தில் 20 லிட்டர் தொட்டி இருக்கிறது. மணல், செடி, கொப்புளம் விடும் ஸ்பாஞ்சு ஃபில்டர், மேலே விளக்கு எல்லாம் உண்டு. மீன் மட்டும் கிடையாது.

"மீன் எங்கப்பா?"

"கடையில இருக்கு மாமா. தண்ணி இன்னும் பழுக்கல."

தினம் காலையில் அந்த வெறுந்தண்ணீருக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவார். ஆயாவுக்கு வயிற்றைக் கலக்கியது.

"யாருக்குடா இந்தப் படையல்?"

"தீனி அழுவி அமோனியா ஆவும் ஆயா. அதைத் தின்ன பாக்டீரியா வளரணும். நாலு வாரமோ ஆறு வாரமோ ஆவும். அப்புறம்தான் மீனு."

"அப்ப நீ வளக்கறது மீனு இல்லியா, கிருமியா?"

நம்மவர் அசரமாட்டார். அலங்காரச் செடி வாங்கினால் அம்மாவின் நைலான் சேலையில் தேய்த்துப் பார்ப்பார். நூல் இழுத்தால் மீனின் வாலும் கிழியுமாம். கிழிந்த சேலைக்குக் கணக்கில்லை. தெருவில் உதிர்ந்த பாதாம் சருகைப் பொறுக்கிக் கழுவிப் போட்டு, தண்ணீரை டீ நிறமாக்குவார். மீன் துள்ளி வெளியே விழும் என்று மூடி. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் என்று மூடிக்குக் கீழே நாலு விரல் இடைவெளி. 2019-ல் தாய்லாந்து இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்ததைச் சொல்லும்போது, சொந்தச் சித்தப்பாவுக்கு விருது கிடைத்த மாதிரி முகம் மலரும்.

"அங்க இது வயல் சேத்துல கிடக்கற மீனாமே? அதுக்கு எதுக்குடா இம்மாம் பவிசு?" என்றார் மாமா.

"உங்கப்பா கூட வயல்லதான் கிடந்தாரு. ஏக்கர் கணக்குல கிடந்தாரா, டம்ளர்ல கிடந்தாரா?"

மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒருவழியாக அமோனியா சைபர், நைட்ரைட் சைபர் என்று சோதனைக் குப்பி சொன்னது. நீலத்தில் ஒரு ஆண் மீன் குடி வந்தது. வந்ததும் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் செவுள் விரித்துச் சண்டைக்கு நின்றது.

"பாவம், ஒண்டியா கிடக்குதே. இன்னொண்ணு வாங்கி உள்ள விடேன்" என்றார் அம்மா.

"ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா அடிச்சிக்கினு சாவும். பொண்ணை விட்டாலும் துரத்தும். வேணும்னா தனி வீடுதான் கட்டணும்."

அம்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். மறுவாரமே கூடத்தில் இன்னொரு காலித்தொட்டி. அதில் விளக்கெரிவதைப் பார்த்து ஆயா இப்போது கேள்வி கேட்பதில்லை. போகிற போக்கில் அவரே ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுப் போகிறார்.