மார்கழியும் காணாத குளிர்

கேள்வி: சைக்கிள் ரயரில் சேரும் எஸ்.பி.ஆர். இறப்பரின் மூலக்கூற்று நிறையை எது தீர்மானிக்கிறது?
– அரியாலை வாசகர்

பதில்: ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சவர்க்கார நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகளுக்குள் சங்கிலியாகின்றன. துணிக்கைக்குள் இன்னொரு சுயாதீன மூலிகம் நுழைந்தால் வளரும் சங்கிலியின் கதை முடிந்தது. சவர்க்காரம் கூடினால் துணிக்கைகள் பெருகி, நுழைவு அரிதாகி, சங்கிலி நீளும். மூலிகங்களைத் தரும் தொடக்கியோ சூடோ கூடினால் குறுகும். சூடு வேகத்தைக் கொடுத்து நீளத்தைப் பறிக்கும். 50 பாகை செல்சியசில் செய்ததைவிட, அரியாலை மார்கழிப் பனியும் காணாத 5 பாகையில் செய்த இறப்பரில் கிளைகள் குறைவு. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனாலும் நீளத்தில் இறுதிச் சொல், கலவையில் சேர்க்கும் மெர்காப்டன் என்ற சேர்மத்துக்கே. ஓடும் சங்கிலியை நிறுத்திப் புதியதைத் தொடக்கிவிடுவது அதுதான். அது இல்லாவிட்டால் சங்கிலிகள் மிதமிஞ்சி நீண்டு, உருளைகளில் பிசையவே முடியாத முரட்டு இறப்பர்தான் மிஞ்சும்.