குழாயடி டம்ளரில் ஒரு 'கோ'

இப்போது எங்கள் அடுக்ககத்தில் யாரும் யாருடைய சொம்பையும் மாற்றி எடுத்துப்போவதில்லை. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தில், கன்னடத்தில் 'வட்டாரா' என்பார்களே அதில், எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய்தான். விடியுமுன் தண்ணீர் வந்துவிட்டால் குடமும் சொம்பும் டம்ளருமாக வரிசை கட்டி நிற்கும், வெயில் ஏறுவதற்குள் பாதிப் பாத்திரம் வீடு மாறியிருக்கும். அதனாலேயே பேர் வெட்டாத பாத்திரத்தை அம்மா வாசல்படி ஏற்றமாட்டாள். சிக்பேட்டைப் பாத்திரக் கடையில் சின்ன உளியும் சுத்தியலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தட்டத் தட்ட எவர்சில்வர் மேல் புள்ளி புள்ளியாக எழுத்து நகர்ந்து வரும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் அம்மாவின் முழுப்பெயர் ஏறியதே இல்லை, முதலெழுத்து மட்டும்: கோ.

1984இல் எட்டாம் வகுப்பில் மின்பகுப்புப் பாடம் நடந்தது. நேர்முனையில் கட்டிய உலோகம் கரையும் என்று வாத்தியார் சொன்ன அந்த நிமிடமே, கரைகிற இடத்தை நாமே வரைந்து கொடுத்தால் எழுத்தாகிவிடுமே என்று எனக்குத் தோன்றியது; உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதாக அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. இங்கிலாந்தில் தாமஸ் ஸ்பென்சரும் ஜான் வில்சனும் 1840லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆனது.

அப்பா ஜாலஹள்ளி எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் ஷிஃப்டு பார்த்தார். அவருடைய டார்ச்சிலிருந்து நாலு பேட்டரிக் கட்டையை உருவி, வரிசையாக ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால் ஆறு வோல்ட். செத்துப்போன ஒரு கட்டையை உடைத்து, கறுப்பு மாவை உதறிவிட்டு, நடுவிலிருந்த கரிக்குச்சியை எடுத்துக்கொண்டேன் (அந்தக் குச்சியால் தெருவில் கோடு கிழித்துப் பாண்டி ஆடாத பிள்ளை நம் காலத்தில் யார்?). அக்காவின் கியூடெக்ஸ் நகச்சாயத்தை டம்ளரில் பட்டையாகப் பூசி, காயவைத்து, தையல் ஊசியால் 'கோ' கீறினேன். காலும் கோடும் சுலபமாக வந்துவிடும். வளைந்த டம்ளரில் அந்த இரட்டைக் கொம்பைச் சுழிப்பதுதான் பாடு. ஊசி வழுக்கும், சாயம் செதிலாகப் பெயரும், திரும்பப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் சுழிப்பேன். அந்த மூச்சடக்கலை என் விரல்கள் இன்றும் மறக்கவில்லை.

குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, எழுத்தின் மேல் வைத்தேன். பொரபொரவென்று நுரை வந்தது. அரைமணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்து துடைத்துப் பார்த்தால், ஒரு கீறல்கூட இல்லை. டம்ளருக்குப் போக வேண்டிய நேர்முனைக் கம்பி குச்சிக்குப் போயிருந்தது. அப்படிக் கட்டினால் டம்ளரில் ஹைட்ரஜன் குமிழிதான் எழும், இரும்பு கரையாது. கம்பியை மாற்றினேன். இந்த முறை பஞ்சு பழுப்பாகி, பிறகு பாசிப் பச்சையாகியது, மூக்கில் ஏதோ சுருக்கென்று ஏறியது. அந்த அழுக்கில் நிக்கலும் குரோமியமும் உண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும், சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று வெறும் கையால் பிழிந்து வாசலில் ஊற்றினேன். மண்ணெண்ணெய்க்குச் சாயம் போகவில்லை, கடைசியில் அக்காவின் ரிமூவரை ஊற்றித் துடைத்தபோது, பளபளப்புக்கு நடுவே பனி படர்ந்த மாதிரி மங்கலாக, புள்ளியில்லாத ஒரே ஓட்டமாக, 'கோ'.

"டார்ச்சுல கட்டை எங்கடா?" என்று அப்பா கேட்டதற்கு அம்மா டம்ளரை நீட்டினாள். நாள் முழுக்கக் கைக்கடிகாரத்தின் நுண்ணிய பல்சக்கரங்களைப் பார்த்துப் பழகிய மனுஷர், வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொம்பு நன்றாகச் சுழிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுவாரம் வட்டாராவின் மற்ற ஏழு வீட்டு டம்ளர்களும் என்னிடம் வந்தன. கூலி, ஆளுக்கு ஒரு கட்டை.

அந்தத் தொழிற்சாலையின் கடிகாரங்களை இப்போது ஜாலஹள்ளி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. வட்டாரா இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது, வீட்டுக்கு நாலு குழாய். பாத்திரம் மாறிப்போக வழியே இல்லாத இந்தக் காலத்தில்தான் பேத்தியின் தண்ணீர் பாட்டிலில் முழுப்பெயர் பொறித்துக் கொடுக்கிறார்கள். மாலில் ஒரு பையன் பெயரைத் தட்டச்சு செய்தான், லேசர் ஒருமுறை ஓடியது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். கொம்பு எங்கேயும் வழுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் அலைந்து ஒன்பது வோல்ட் பேட்டரியும் இரண்டு கிளிப்பும் வாங்கினேன். பேத்தி, அவள் அம்மாவிடமிருந்து கேட்டு வாங்கிய நெயில் பாலிஷுடன் பால்கனியில் காத்திருந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு அவளுக்கும் எனக்கும் கையுறை மாட்டினேன். நேர்முனைச் சிவப்புக் கம்பியை அவள் எதில் மாட்டப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. குச்சியில்தான் மாட்டினாள்.