குந்திய பிக்கப்பும் குளியலறைத் தராசும்

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அமெரிக்க நெடுஞ்சாலை எதிலும் இந்த நாயகரைப் பார்க்கலாம். முன்னால் பளபளக்கும் அரை டன் பிக்கப். பின்னால் ஒரு வெள்ளை டிரெய்லர். அந்நாட்டு விடுமுறை டிரெய்லர்களில் பெரும்பங்கு பிறக்கும் இந்தியானா மாநில எல்கார்ட் வட்டாரத்துச் சரக்கு. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். பிக்கப்பின் பின்பக்கம் குந்தியிருக்கிறது. மூக்கு வானம் பார்க்கிறது. எதிரே வருகிறவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். இவ்வளவு நட்பான மக்களா என்று நெகிழ்ந்துபோய் நாயகரும் கையசைக்கிறார். அவருடைய முன்விளக்கு தங்கள் கண்ணைப் பறிக்கிறது என்றுதான் அவர்கள் முறையிட்டார்கள் என்பது முகாம் மைதானத்தில்தான் அவருக்குத் தெரியவரும்.

அங்கே தெரியாமல் போகாது. மடக்கு நாற்காலியை விரிப்பதற்குள் வைத்தியர்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து இடத்துக்காரர் காற்றுப் பை போடச் சொல்வார். எதிர் இடத்துக்காரர் வில்பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சொருகச் சொல்வார். நாயோடு நடைபோகும் பெரியவர் நின்று, பார்த்து, பெருமூச்சு விட்டு, "பெரிய வண்டியா வாங்கியிருக்கலாம்" என்பார். எல்லோர் கண்ணும் வாலின் மேல். முன் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். சங்கதி இருப்பதோ அங்கேதான்.

கணக்கு சின்னது. டிரெய்லர் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கிக் குண்டின் மேல் உட்கார வேண்டும் என்பது இழுவைத் தொழிலின் பொது விதி. 12 சதவீதம் என்றால் 360 கிலோ. அந்தக் குண்டு பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. ஒன்றரை மீட்டர் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 3.6 மீட்டர் தூரம். ஆகப் பின் அச்சில் ஏறுவது 360 அல்ல, 510 கிலோ. மிச்ச 150 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து உருவியது. வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடித்தால் பெரும்பங்கு வேலை செய்வதும் அந்தச் சக்கரங்கள்தான். மழை நாளில் ஒரு வளைவில் அவை லேசாகிப்போனால் வேடிக்கை அதோடு முடிந்தது.

அப்படியானால் சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிட்டால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது, செலவில்லாதது, ஆபத்தில் முதலிடமும் இதற்குத்தான். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே கிளம்பும். அளவான முன்பாரம் வைத்து ஏற்றத் தெரிந்தவனே வண்டிக்காரன். பிக்கப்பின் வாலை நிமிர்த்தப் பின்பாரம் ஏற்றிய டிரெய்லர், வேகம் கூடியதும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்கிறது எது, இழுபடுகிறது எது என்பதே குழம்பிவிடும். டிரெட்மில் பட்டையின் மேல் பொம்மை காரையும் பொம்மை டிரெய்லரையும் ஓடவிட்டு, எடைக்கட்டியை முன்னும் பின்னும் மாற்றிக் காட்டும் பிரபலமான காணொளி ஒன்று உண்டு. கட்டி பின்னால் போனதும் பொம்மை போடும் ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் டிரெய்லரின் பின்பக்கம் விறகுக்கட்டு அடுக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டியையும் மறக்கக்கூடாது. 40 கேலன் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. அது டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று வாங்கும் நாளில் எவரும் கேட்பதில்லை. சமையலறை அலமாரியின் நிறத்தைக் கேட்பார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. காசு கொடுத்து வாலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களும் அதே நாட்டில் உண்டு. டிரெய்லரே இல்லாமல், முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தை இறக்கும் அந்த அலங்காரத்துக்குக் கரோலினா ஸ்குவாட் என்று பெயர். வட கரோலினா 2021 டிசம்பர் முதல் அதைத் தடை செய்தது. பின் மட்கார்டைவிட முன் மட்கார்டு 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2022இல் வர்ஜீனியாவும் 2023இல் தென் கரோலினாவும் அதே வழிக்கு வந்தன. சட்டம் பிடிப்பது வண்டியை மாற்றி அமைத்தவரைத்தான். 360 கிலோவைத் தொங்கவிட்டு அதே கோலத்தில் போகும் நம் நாயகர் அந்தச் சட்டத்தின்படி நிரபராதி. எதிரே வருகிறவருக்குக் கண் கூசுவது என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

பழைய பிக்கப்கள் இப்படிக் குந்தியதில்லை என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவை பாரம் ஏற்றப் பிறந்தவை. காலியாக ஓட்டினால் முதுகெலும்பு எண்ணலாம். இப்போது பிக்கப் குடும்ப வண்டி. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகிறது. இருக்கையில் சூடேற்றி இருக்கிறது. ராம் 1500 தன் 2009 மாடலில் பின்பக்க வில்பட்டையைக் கைவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. டொயோட்டா டண்ட்ரா 2022இல் மாறியது. சொகுசுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியை வால்தான் கட்டுகிறது.

காற்றுப் பை கெட்ட பொருள் அல்ல. மிச்சிகன் மாநில லான்சிங்கிலுள்ள ஏர் லிஃப்ட் நிறுவனம் 1949 முதல் இதையே தொழிலாகச் செய்துவருகிறது. சேசிசுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ரப்பர் பை. பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். டிரெய்லரைக் கழற்றியதும் இறக்கிவிடலாம். சிக்கல் பெட்டியின் மேலுள்ள எண்ணில். 5,000 பவுண்ட் என்று படித்ததும் தம் பிக்கப் இரண்டு டன் கூடுதலாகச் சுமக்கும் என்று நாயகர் முடிவுகட்டிவிடுகிறார். அது பைகளின் தாங்கும் திறன். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை அதனால் ஒரு கிலோகூட ஏறாது என்று செய்கிறவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில். வால் எழும், விளக்கு சாலையைப் பார்க்கும், புகைப்படம் நன்றாக வரும். முன் சக்கரத்திலிருந்து போன 150 கிலோ மட்டும் திரும்பாது. கூடுதல் வில்பட்டைக்கும், டிம்ப்ரன் போன்ற ரப்பர் ஸ்பிரிங்குகளுக்கும் இதே தீர்ப்புதான். பிக்கப்பின் தொட்டியில் செங்கல் ஏற்றுகிறவருக்கு அவை நல்ல மருந்து. கொக்கியில் தொங்கும் பாரத்துக்குப் பாதி மருந்து.

மீதி மருந்து எடைப் பகிர்வு ஹிட்ச். கொக்கியிலிருந்து இரண்டு உருக்குக் கம்பிகள் பின்னோக்கி நீண்டு டிரெய்லரின் முக்கோண முன்சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை முறுக்கேற்றி மாட்டினால் இணைப்பு மொத்தமும் ஒரு நெம்புகோலாகிவிடும். பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதி பிக்கப்பின் முன் சக்கரத்துக்கும், இன்னொரு பகுதி டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். இதை மாட்டும் மனிதரின் சட்டையில் கிரீஸ் படியும், விரலும் நசுங்கலாம். அதனால்தான் காற்றுப் பைக்கு இவ்வளவு ரசிகர்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு டேப் போதும். டிரெய்லர் இல்லாதபோது முன் மட்கார்டின் உயரம், மாட்டிய பின் உயரம், கம்பிகளை முறுக்கிய பின் உயரம். ஏறிய உயரத்தில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பாதி இறங்கினால் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. மிதமிஞ்சி முறுக்கினால் பின் சக்கரம் லேசாகி, வளைவில் வால் வழுக்கும். காற்றுப் பை, ஹிட்ச் இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: பையைப் புடைக்க ஊதி வாலைத் தூக்கிவிட்டால் கம்பிகளின் முறுக்கு தளர்ந்துவிடும். இரண்டு மருந்தும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்.

நியாயமாக இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. பல அரை டன் பிக்கப்களின் பம்பருக்கு அடியிலுள்ள ஸ்டிக்கர், எடைப் பகிர்வு இல்லாமல் கொக்கியில் 500 பவுண்டுக்கு மேல் வைக்காதே என்கிறது. அதாவது 227 கிலோ; நம் நாயகரின் கொக்கியில் 360. அதைப் படிக்கத் தரையில் படுக்க வேண்டும். ஓட்டுநர் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படிக்கப் படுக்கக்கூட வேண்டாம். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். 700 கிலோ என்று வைப்போம். நாயகர் 95, மனைவி 75, வளர்ந்த பிள்ளைகள் இருவர் 120, நாய் 35. கொக்கியில் 360. ஹிட்ச் 40. ஆக 725. ஐஸ் பெட்டியை இன்னும் ஏற்றவே இல்லை. விளம்பரத்தில் சொன்ன இழுவைத் திறன் எங்கே போனது என்று அவர் கேட்கலாம். அந்த எண்ணைக் கணிக்கும் ஜே2807 என்ற பொதுத் தரம், முன் இருக்கையில் தலா 68 கிலோவில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் கிடையாது. நாயும் கிடையாது.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்க முடியும். மனைவியின் குளியலறைத் தராசு கிடைத்தால் போதும், அனுமதியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு, இரண்டின் மேலும் ஒரு கட்டை. டிரெய்லரின் மூக்கைச் செங்கலிலிருந்து ஓரடி, தராசிலிருந்து ஈரடி தூரத்தில் கட்டையின் மேல் இறக்கி, தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். அது 120 காட்டினால் கொக்கியில் 360.

தராசு கிடைக்காதவர்கள் லாரி நிறுத்தங்களுக்குப் போகலாம். ஐயோவா மாநிலத்து வால்காட்டில் 1977இல் தொடங்கிய கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் அமெரிக்கா முழுக்க உண்டு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தரும். காற்றுப் பை வாங்குமுன் மூன்று சீட்டு வாங்கிவிடுங்கள்: கம்பி மாட்டி ஒன்று, கம்பியைக் கழற்றி ஒன்று, பிக்கப் தனியாக ஒன்று. கம்பி இன்னும் வாங்கவில்லை என்றால் கடைசி இரண்டு போதும். சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது முன் அச்சின் எண். டிரெய்லரை இறக்கிவிட்டுத்தான் கடைசிச் சீட்டு வாங்க வேண்டும். நாயை இறக்க வேண்டாம்.