ஸ்டிக்கர் வீரர்

வண்டி ஷோரூமை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பின்கண்ணாடியில் மலை, கரடி, திசைகாட்டி எல்லாம் ஸ்டிக்கராக ஏறிவிடும். கூரையில் ஜெர்ரி கேன், முன்னால் வின்ச். சேறு மட்டும்தான் பாக்கி. அதைத் தேடித்தான் நம் வீரர் சனிக்கிழமை காலை சின்னமனூரில் இட்லியை முடித்துக்கொண்டு, மனைவியோடு மேகமலைக்குக் கிளம்புகிறார்.

தார் ஜீப் என்று வாயைத் திறந்தால் போதும், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். தரையிலிருந்து உயரம் 226 மில்லிமீட்டர். தண்ணீரில் 650 மில்லிமீட்டர் வரை இறங்கும். கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர் பை ஃபோர் குட்டிக் கம்பி ஒன்று இருக்கிறதா என்று மட்டும் சிலரிடம் கேட்கக் கூடாது. 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நம்மவரிடம் கம்பி இருக்கிறது. எப்போது போடுவது என்பதில்தான் குழப்பம்.

கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டும் நல்ல சாலை. ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு பக்கம் போகப் போகக் கல்லும் குழியும். இறங்கி டயரில் காற்றைக் குறைக்கிறார். டயர் தட்டையானால் பிடிமானம் கூடும், அது சரிதான். ஆனால் கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே கோத்துப் பிடிக்கிறார். சக்கரம் கல்லில் இடித்ததும் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி விரலைப் பதம் பார்க்கிறது. லோ கியரில் போட்டு காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக ஊர்ந்து போகும். இவரோ கிளட்ச்சை மிதித்தபடியே ஏறுகிறார்.

“என்னங்க, ஏதோ தீயுற வாசனை வருதே?”

“டீ ஃபேக்டரிம்மா.”

ஓடையைக் கண்டதும் ஆசை மீறுகிறது. இறக்கி ஒரு வீடியோ எடுக்கலாமா என்று வனக்காவலரிடம் கேட்கிறார். 2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

“நான் பாத்தா அபராதம் சார். யானை பாத்தா அதுவும் இல்ல.”

அப்போதுதான் பின்னால் ஹாரன். அரசுப் பேருந்து. ஃபோர் பை ஃபோர் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது. அரிசி மூட்டைகளும் எஸ்டேட் தொழிலாளர்களும் நிறைந்திருக்க, ஓட்டுநர் ஒரு கையை வெளியே நீட்டிச் சொல்கிறார்: “தம்பி, கொஞ்சம் ஒதுங்குனீங்கன்னா போயிருவேன்.”

மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரே கரடி ஸ்டிக்கர் ஏறி வந்தால் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். அவருக்காக இல்லாவிட்டாலும், பின்னால் வரும் பேருந்துக்காக.