உலகம் அழிந்தது, சைக்கிள் மிஞ்சியது

2015இல் வந்த கனடா–நியூசிலாந்துப் படம் 'டர்போ கிட்'. கதை நடக்கும் எதிர்காலம் 1997! உலகம் அழிந்துவிட்டதால் வில்லன் கூட்டமே பிஎம்எக்ஸ் சைக்கிள் மிதித்துத்தான் கொலை செய்ய வருகிறது. தீர்ந்தது பெட்ரோலா, தயாரிப்பாளரின் பணமா என்று கேட்பவர் ரசிகரல்லர், ஆடிட்டர். ரசிகரோ, வெட்டுப்பட்ட உடல் உடைந்த குழாயாய் ரத்தம் பீய்ச்ச, கைதட்டிச் சிரிக்கிறார். அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில், நள்ளிரவுப் பிரிவின் பார்வையாளர் விருதும் இதற்கே. பல கோடி டாலரில் நகரத்தை இடிக்கும் படங்களில் 'லாஜிக் எங்கே?' என்று துருவுகிறவர்கள், இங்கே பழைய இரும்புக்கடைக் கவசத்தைப் பார்த்து 'என்ன கற்பனை!' என்கிறார்கள். ஏழைப் படத்துக்கு லாஜிக்கில் மானியம் உண்டு போலும். பணக்காரப் படங்களும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழ் மட்டும் கட்டாயம்.