ஏழு கருணை அவசரமாகத் தேவை

கருணைக்கு இப்போது பீரியட் ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம், விளையாட்டுப் பீரியடுக்கு முன்னால். என் பேரன் சென்னையில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவனிடம் இதற்கென்றே ஒரு டைரி உண்டு. தினம் ஒரு கருணைச் செயல் எழுத வேண்டும். விலங்கு, மனிதர், சுற்றுச்சூழல் என்று மூன்று கட்டம், கீழே பெற்றோர் கையெழுத்து, முடிந்தால் போட்டோ.

எங்கள் காலத்தில் அந்த இலாகா முழுக்கத் தமிழ் ஐயாவிடம் இருந்தது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில், சிவகங்கைச் சீமைக் கிராமம் எங்களுடையது. ஐயா கையில் புளியம் விளாறோடுதான் கடையெழு வள்ளல்களை நடத்துவார். பேகன் மயிலுக்கு ஏன் போர்வை கொடுத்தான் என்று கேட்டார். எல்லோரும் "குளிருக்கு ஐயா" என்று கத்தினோம். ஒருவன் மட்டும் எழுந்து, "எங்க தோட்டத்து மயிலு மழை வந்தாத்தான் ஐயா ஆடும், அதுக்குக் குளிராது" என்றான். மயிலை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன்தான். உள்ளங்கையில் நாலு வாங்கினான். அவனுடைய அப்பாவிடம் புகார் சொல்லவும் வழியில்லை. பள்ளியில் சேர்த்த அன்றே, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று ஐயாவிடம் எழுதாத சாசனம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. பேகனுக்காக அடி வாங்கியவனுக்கு அது ரொம்பத் தாமதம்.

ஓணான் விஷயத்தில் எங்களுக்குப் புராண ஆதாரமே இருந்தது. ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். ஆகவே அணிலை அடித்தால் பாவம், ஓணானை விட்டால் பாவம். நீளமான தென்னை ஈர்க்கின் மெல்லிய நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் கழுத்தருகே மெதுவாக நீட்ட வேண்டும். அது ஓடாது. என்னவென்று பார்க்கும். வெடுக்கென்று இழுத்தால் மாட்டிக்கொள்ளும். அப்பத்தாவின் பொடி மட்டையிலிருந்து எடுத்த மூக்குப்பொடி ஒரு சிட்டிகையை வாயில் போட்டால் கிறுகிறுத்துச் சுற்றும். நாங்கள் கைதட்டுவோம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல், 42-வது திருத்தத்தில், அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊர் வேலி வரை வந்து சேரவில்லை.

அப்பத்தா மட்டும் திட்டும். "வாயில்லாச் சீவனைப் போட்டு வதைக்கிறீங்களே, வெளங்குவீங்களாடா?" அதைக் கேட்கிற உரிமை அதற்கு இருந்தது. விடிகாலையில் பச்சரிசி மாவில்தான் கோலம் போடும். எறும்பு தின்னட்டும் என்று சொல்லும். காக்காய்க்கு ஒரு கை சோறு வைக்காமல் சாப்பிடாது. பசுவுக்குக் கழுநீர், நாய்க்குப் பழையது என்று எல்லாவற்றையும் கவனித்துவிட்டுத்தான் கொல்லைப்புறத்துக்கு வரும். அங்கே எங்கள் வயலை உழுகிறவர் நிற்பார். என் தாத்தா வயது அவருக்கு. குனிந்து இரண்டு கைகளையும் குவிப்பார். அப்பத்தா செம்பை உயரத் தூக்கி, மேலே பட்டுவிடாமல், கஞ்சியை ஊற்றும். எறும்பு அடுப்படி வரை வரலாம், அவர் கொல்லை வாசலைத் தாண்ட முடியாது. நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் என்னைச் "சின்னய்யா" என்பார். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. இதையெல்லாம் யாரும் எனக்கு வகுப்பு எடுத்துக் கற்றுத்தரவில்லை. அந்தக் காலத்தில் மனிதாபிமானம் இருந்தது என்று கல்யாண வீடுகளில் யாராவது ஆரம்பித்தால், எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வருகிறது.

இப்போது செம்பு இல்லை, லிஃப்ட் இருக்கிறது. மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறார்கள்: வீட்டு வேலையாட்களும் டெலிவரி ஊழியர்களும் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாலாவது மாடி லாப்ரடார் பெரிய லிஃப்டில் வரும். வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடுக்க முடியாது, விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கும் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் உண்டு. அது இன்னும் லிஃப்ட் ஏறவில்லை. பேரன் சமையல்கார அம்மாவை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுகிறான், ஒருமையில் பேசுவதில்லை. அந்த மட்டில் என்னைவிட அவன் மேல், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டைரி நிரம்புவது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. "தாத்தா, அவசரமா ஏழு கருணை வேணும்."

"இன்னிக்கி என்னடா பண்ணே?"

யோசித்தான். "பாத்ரூம்ல எறும்பு வரிசையாப் போச்சு. அது போற வரைக்கும் தண்ணி ஊத்தாம நின்னேன்."

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. எழுது என்றேன். உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது: "அதுக்கெல்லாம் போட்டோ இல்லப்பா. புறாவுக்குத் தீனி போட்டது இருக்கு, அதை ஒட்டச் சொல்லுங்க." எறும்பு போய்விட்டது, புறா ஒட்டப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டத்துக்குத் துணிப்பை தைக்க வேண்டும். அதற்கான பொருட்கள் ஆன்லைனில் வந்தன, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எங்கள் வீட்டில் மஞ்சப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, யாரும் அதற்கு மதிப்பெண் போடவில்லை. நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. பிளாஸ்டிக் அப்போது எங்கள் ஊருக்கு பஸ் ஏறவில்லை, அவ்வளவுதான்.

போன தை மாதம் பேரனைக் கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிப்போனேன். 1977-ல் அறிவித்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று மரத்துக்கு மரம் கூச்சல். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல காலமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் பேரன் கேட்டான்: "உங்களுக்கு வெடிக்க ஆசையா இருக்காதா?"

"இருக்கும். குஞ்சு விழுந்துரும்ல?" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டை ஓட்டப் போய்விட்டான்.

இதில் கருணை எத்தனை பங்கு, கண்மாய்த் தண்ணீரில் கலக்கும் எச்சம் வயலுக்கு எருவாவது எத்தனை பங்கு என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். வேடந்தாங்கல் விவசாயிகளும் அந்த எருவை மனதில் வைத்துத்தான், பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவாதம் வாங்கினார்கள். அதனால் ஒரு நாரைக்கும் நஷ்டமில்லை.

கொள்ளுக்குடிப்பட்டி மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியிலேயே இருக்கிறது. மார்கழி, தையில் போனால் நிறையப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கரையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடாதீர்கள்.